மீட்டிங்கில் உருளும் பந்து

சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் அமெரிக்க மேனேஜர் "பால்பார்க் ஃபிகர்" கேட்டாராம், எல்லாரும் தலையாட்ட நீயும் ஆட்டினாயாம், பிறகு கழிவறைக்குப் போய் கைப்பேசியில் தேடினாயாம். எஸ்.பி.எம். பரீட்சையில் இங்கிலீஷுக்கு ஏ வாங்கிய பிள்ளை! ஆனால் இந்த இங்கிலீஷ் விளையாட்டுத் திடலில் பிறந்தது. நாம் ஆடிய ஆட்டமென்றால் சொன்னதும் புரிகிறது, ஆடாத ஆட்டமென்றால் முழிக்கிறோம். அவ்வளவுதான் விஷயம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"மூவிங் தி கோல்போஸ்ட்ஸ்" என்பதை உனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் இரண்டு செருப்பை வைத்துத்தானே கோல் கட்டுவீர்கள். பந்து அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, கீப்பராக நிற்கும் உன் தம்பி கால் பெருவிரலால் செருப்பை உள்ளே நகர்த்திக்கொண்டே வருவான். ஆட்டம் முடிவதற்குள் கோல் பாதியாகிவிடும். நீ அவன் மண்டையில் குட்டுவாய். தோட்டத்தை விற்றபோது நமக்கு நடந்ததும் அதேதான். முதலில் லயத்தில் இருக்கிற எல்லாருக்கும் வீடு என்றார்கள். அப்புறம் பேர் பதிந்த தொழிலாளிக்கு மட்டும் என்றார்கள். கடிதமும் கையுமாக ஆட்கள் வந்து நின்றதும், இத்தனை வருடச் சம்பளச் சீட்டும் வேண்டும் என்றார்கள். கறையான் அரித்த சீட்டுக்கு யார் எங்கே போவது? தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்பதால் எல்லாரும் என் சட்டையைத்தான் பிடித்தார்கள். உன் டார்கெட்டை யாராவது நடுவில் மாற்றினால் கூட்டாளிகளிடம் இந்தப் பேச்சைப் பேசிக்கொள். மேனேஜர் முகத்துக்கு நேரே வேண்டாம், 'நீ அழுகுணி ஆட்டம் ஆடுகிறாய்' என்று சொல்வதற்குச் சமம் அது.

அமெரிக்கர்களுக்குப் பேச்சில் பாதி பேஸ்பால். நீ பள்ளியில் ரவுண்டர்ஸ் ஆடியிருக்கிறாய், அதன் பங்காளிதான் இது. பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு பேஸாகத் தொட்டு ஓடவேண்டும். "டச் பேஸ் பண்ணலாம்" என்றால் சுருக்கமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளலாம் என்று அர்த்தம். நேரே வருவதுபோல் வந்து வளைந்து ஏமாற்றும் பந்து கர்வ்பால், யாரும் எதிர்பாராத கேள்வியையும் சிக்கலையும் அப்படிச் சொல்வார்கள். பால்பார்க் என்பது அவர்களுடைய ஆட்டத்திடல். பந்து எங்கே விழுந்தது என்று சரியாகத் தெரியாவிட்டாலும் திடலுக்குள் இருந்தால் போதும் என்கிற கணக்கில், குத்துமதிப்பான தொகை. இதில் மட்டும் உஷாராக இரு. குத்துமதிப்பு என்று வாயால் கேட்பார்கள், அடுத்த வாரம் அதையே பட்ஜெட்டில் ஏற்றிவிடுவார்கள். ஒரே தொகையாகச் சொல்லாதே. எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வெள்ளிக்குள் என்று இரண்டு எல்லையும் போட்டு, ஈமெயிலில் அனுப்பு.

இன்னும் சந்தேகம் வந்தால் உன் பக்கத்து மேசை ஜப்பான்காரரைக் கேள். 1872-ல் ஓர் அமெரிக்க வாத்தியார் டோக்கியோவில் சொல்லிக்கொடுத்த ஆட்டம், இன்றைக்கு அவர்களுக்கு உயிர். தாளில் படம் போட்டே காட்டுவார் பார்.

இங்கிலீஷ்காரர் வேறு ஒருத்தர் இருக்கிறார் என்றாயே, அவர் கிரிக்கெட் பேசுவார். எங்கள் பழைய தோட்ட மேனேஜரும் கிரிக்கெட் பைத்தியம். விடாமல் மழை பெய்து ரப்பர் பால் வெட்டு நின்று, மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும்போது "ஸ்டிக்கி விக்கெட், கிராணி" என்பார். விக்கெட் என்றால் இங்கே பந்து குத்தி எழும்பும் தரை, அந்தக் காலத்தில் அதை மூடிவைக்க மாட்டார்கள். மழையில் நனைந்து வெயிலில் காய்கிற தரையில் பந்து எப்படி எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மட்டையோடு நிற்கிறவன் பாடு திண்டாட்டம். நம் பத்திரிகைகள் காற்பந்துக்கு எழுதுகிற ஹாட்ரிக் கூட கிரிக்கெட் சரக்குதான். 1858-ல் ஷெஃபீல்டில் ஸ்டீபன்சன் என்பவர் அடுத்தடுத்து மூன்று பேரை அவுட்டாக்க, காசு வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்களாம்.

"ஹேண்ட்ஸ் டவுன்" என்று கேட்டால் தோற்றுப்போய் கையைத் தொங்கப்போட்டதாக நினைத்துவிடாதே. அது குதிரைப் பந்தயம். வெற்றி உறுதியானதும் ஜாக்கி கடிவாளத்தைத் தளர்த்திக் கையை இறக்கிவிடுவான், அலுங்காமல் ஜெயித்தான் என்று பொருள். ஈப்போ பந்தயத்தில் சம்பளத்தைத் தொலைத்த உன் பெரிய மாமாவுக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அவரிடம் கேட்காதே, பழைய கதையை ஆரம்பித்துவிடுவார், அத்தை என்னைத்தான் திட்டும்.

நீயும் இப்படியே பேசவேண்டும் என்பதில்லை. காதில் விழுந்தால் புரியட்டும், போதும். புரியாவிட்டால் "எந்த அர்த்தத்தில் கேட்கிறீர்கள்?" என்று அங்கேயே கேட்டுவிடு, கழிவறைக்கு ஓடாதே.

தீபாவளி பஸ் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது. அம்மா முறுக்குக்கு அரிசி இடிக்கக் கொடுக்கப்போகிறாளாம், உன் ஆபீசுக்கு எத்தனை டின் வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். பால்பார்க் போதும்.

இப்படிக்கு,
அப்பா