அக்கா, டெபாசிட் திரும்பி வந்துவிட்டது

அக்கா,

போன மாதம் கோலாலம்பூரில் நாம் மூவரும் இருந்த செந்தூல் வீட்டைக் காலி செய்தேன். வீட்டுக்காரர் கணக்கை முடித்துவிட்டார். இரண்டு மாத வாடகை 2,700, கரண்டுக்கும் தண்ணீருக்கும் அரை மாதம் 675, ஆக 3,375 வெள்ளி. அதில் சுவருக்குச் சாயம் அடிக்க 225 பிடித்துக்கொண்டார். மீதியில் மூன்றில் ஒரு பங்கு, 1,050 வெள்ளி, உங்களுடையது. உங்கள் அறைக்கு அப்புறம் வந்த பெண்ணிடம் நான் வாடகை மட்டும்தான் வாங்கினேன். உங்கள் பங்கை யார் பெயருக்கும் மாற்றவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேலாக அது அப்படியே கிடந்தது. நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது மறுநாளே போட்டிருப்பேன். நீங்கள் கேட்காமல் இருந்ததை நம்மோடு இருந்த சின்னவள் பெருந்தன்மை என்கிறாள். எனக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது.

உங்கள் அண்ணி நான் எழுதுவதைப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த இரண்டு மாதம் உங்கள் அறை ஏன் குளிராக இருக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். அதை நீங்கள் சின்னவளிடம் மட்டும் சொன்னீர்கள். என்னிடம் சொல்லவில்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் கழித்து அவள் வாய் தவறிச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குமுன் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நான் காலை ஏழு மணிக்கு அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பும்போதும் ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கும், இரவு வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய 2020 மார்ச் 18க்குப் பிறகு மீட்டர் பார்க்க யாரும் வரவில்லை. மே மாதம் பாதியில் வந்தார்கள். நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில் பில் கைக்கு வந்தது. வரி, கழிவு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். சாதாரண மாதத்தில் நம் வீடு 280 யூனிட், 70 வெள்ளி 32 சென். அந்த இரண்டு மாதமும் மாதத்துக்கு 760 யூனிட், 319 வெள்ளி 16 சென். யூனிட் மூன்று மடங்குகூட ஆகவில்லை, காசு நாலரை மடங்கு ஏறியிருந்தது. அப்போதிருந்த கட்டணம் அப்படி. முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4, அங்கிருந்து 600 வரை 51.6, அதற்கு மேல் 900 வரை 54.6. படி ஏற ஏற விலையும் ஏறும்.

நான் கணக்குப் போட்டேன். பழைய 280 யூனிட்டை மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்தேன், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஆளுக்கு 46 வெள்ளி 88 சென். கூடுதல் யூனிட் முழுவதையும், உச்சிப் படியின் விலையோடு, உங்கள் பெயரில் எழுதினேன். அந்தப் பங்கோடு சேர்த்து 544 வெள்ளி 56 சென். நேரில் பேச வாய் வரவில்லை. வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். சின்னவளும் பார்க்கும்படி.

அந்த ஓட்டல் சம்பளமில்லா விடுப்பு என்று உங்களை வீட்டுக்கு அனுப்பி அப்போது இரண்டு மாதம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒட்டினேன்.

அன்று இரவு ஏர்கோன் ஓடவில்லை. இரண்டு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். விளக்குப் போடாமல் ஐஸ்பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த வெளிச்சம் ஹால் தரையில் விழுந்தது. நீங்கள் பாய்கூட விரிக்காமல் வெறும் டைல்ஸில் ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். கழுத்தில் ஈரத் துண்டு. முழங்கைக்குக் கீழே துண்டிலிருந்து வடிந்த தண்ணீர் தேங்கியிருந்தது. தூங்கவில்லை, கண் திறந்திருந்தது. நான் பிடித்திருந்த கதவில்தான் அந்தத் தாள் இருந்தது. கதவு அசைந்தபோது தாளும் அசைந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், தாளைப் பார்க்கவில்லை. “பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டுப் போம்மா” என்றீர்கள். எப்போதும் சொல்வது போலவே சொன்னீர்கள்.

நான் பாட்டிலை நிரப்பி வைத்தேன். கதவைச் சாத்தினேன். இருட்டில் உங்களைத் தாண்டி என் அறைக்குப் போனேன். போகும்போது என் பாதம் அந்த ஈரத்தில் பட்டது.

அக்கா, இத்தனை வருஷத்தில் நான் அதிகம் நினைத்தது அந்த ஈரத்தைத்தான். அந்த இடத்தில் உட்கார்ந்து “என்னக்கா உடம்புக்கு?” என்று கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கேட்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? நான் கிளினிக்கில் வேலை செய்கிறவள். வருகிறவர்களிடம் நாள் முழுவதும் கேட்கிற கேள்வியே அதுதான். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்களும் சொல்லியிருக்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே மூன்று வருஷம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தீர்கள், உங்களுக்கு வந்ததை மட்டும் மறைத்தீர்கள். நான் கணக்குப் பார்க்கிற பிள்ளை, என்னிடம் சொன்னால் இரக்கத்துக்கும் விலை போடுவேன் என்று நினைத்தீர்களா? சின்னவள் மாதாமாதம் பங்கு தரத் தாமதித்தபோது அதை ஈடு கட்டியது யார்? வாடகை ஒரு நாள் பிந்தாமல் போய்ச் சேர்ந்தது யாரால்? வீட்டில் யாராவது ஒருவர் அந்த நோட்டைப் பிடித்தாக வேண்டும். அந்த ஆள் எல்லோருக்கும் கெட்டவளாகிவிடுகிறாள்.

நீங்கள் மூன்றாம் நாள் மேசையில் 545 வெள்ளி வைத்தீர்கள். அதில் 500 அந்த மாதம் சேமநிதியிலிருந்து எடுத்தது என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். வயதான காலத்துக்கு என்று இருந்த காசு. ஜூன் 10, மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று திறந்துவிட்ட அன்றே, அண்ணன் காரில் சுங்கைப்பட்டாணிக்குப் போய்விட்டீர்கள்.

சரி, இப்போது கணக்கு. அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததில் ஒரு தப்பு கண்ணில் பட்டது. கூடுதல் யூனிட் உங்களுடையது என்பது இருக்கட்டும். மலிவான முதல் 200 யூனிட் யாருடையது? வரிசையில் முன்னால் நின்றது போல அதை நாம் மூவரும் பிரிக்கும் பங்கில் போட்டுவிட்டு, விலை கூடிய படி முழுவதையும் உங்கள் தலையில் வைத்தேன். எல்லா யூனிட்டையும் சராசரி விலையில் பிரித்திருந்தால் உங்களுக்கு 63 வெள்ளி குறைந்திருக்கும். அந்த 63 வெள்ளி நான் செய்த பிழை, அதைத் திருப்பித் தருகிறேன். மிச்சம் பிழை இல்லை. யார் கேட்டாலும் அது நியாயமான கணக்கு என்றுதான் சொல்வேன். அதையும் திருப்பித் தருகிறேன். மொத்தப் பில்லையும் மூன்றாகப் பிரித்தால் உங்கள் பங்கு 212 வெள்ளி 77 சென், நீங்கள் கொடுத்தது 545. மீதி 332 வெள்ளி 23 சென். சின்னவளிடம் இதற்கு எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்று. நீங்கள் போன பிறகு அரசாங்கம் ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதத்துக்கு 77 வெள்ளி கரண்ட் பில்லில் கழித்துத் தந்தது. முதல் 300 யூனிட்டின் விலை அது. மூன்று மாதத்தை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 77. ஜூனில் நீங்கள் பத்து நாள்தான் இருந்தீர்கள், ஆனாலும் முழுசாகப் போட்டிருக்கிறேன்.

அந்தப் படிக்கட்டுக் கட்டணம் 2025 ஜூலையில் போய்விட்டது. எனக்கு மனப்பாடமாக இருக்கும் அந்த நாலு எண்ணும் இனி யாருக்கும் வேண்டாம்.

நேற்று இரவு, போன் நம்பருக்கே பணம் அனுப்பும் டூயிட்நவ்வில் உங்கள் பழைய நம்பரைப் போட்டேன். உங்கள் முழுப்பெயர் திரையில் வந்தது, அப்பா பெயரோடு. நம்பரை மாற்றவில்லை நீங்கள். கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினேன். 1,459 வெள்ளி 23 சென். சில்லறை இல்லை என்று நான் அன்று திருப்பித் தராத 44 சென்னும் அதில் இருக்கிறது.