உலாவியைப் புதுப்பித்தபின் தங்கள் இணையதளம் சிதைந்து தெரிவது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: உலாவியின் புதிய பதிப்பில் வாடிக்கையாளர் கணக்குப் பக்கங்கள் சரியாகத் தெரியாமை – பிழையைச் சரிசெய்யவும், பழைய பதிப்புக்குத் திரும்புமாறு கூறும் ஆலோசனையைக் கைவிடவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் ஆயுள் காப்பீட்டு பாலிசி வைத்திருக்கும் நான், பிரீமியம் செலுத்துவது, ரசீது எடுப்பது, வாரிசுதாரர் விவரங்களைச் சரிபார்ப்பது ஆகிய எல்லாவற்றையும் இதுநாள் வரை தங்கள் இணையதளத்தின் வழியாகவே செய்து வந்திருக்கிறேன். அண்மையில் என் கணினியிலுள்ள உலாவி தானாகவே புதிய பதிப்புக்கு மாறியது. அதற்கு முதல் நாள் வரை ஒழுங்காக இயங்கிய தங்கள் தளம், அன்று முதல் பயன்படுத்த முடியாத நிலையில் இருக்கிறது. வங்கி, மின்னஞ்சல் உட்பட நான் அன்றாடம் பயன்படுத்தும் மற்றத் தளங்கள் எதிலும் இந்த மாற்றத்தால் ஒரு குறையும் ஏற்படவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

கணக்கில் நுழைந்தவுடன், 'உங்கள் உலாவி மிகவும் பழையது, புதிய பதிப்புக்கு மாறவும்' என்ற மஞ்சள் பட்டை பக்கத்தின் மேலே தோன்றுகிறது. அப்போதுதான் வெளியான பதிப்பைப் பார்த்துத் தங்கள் தளம் இப்படிச் சொல்கிறது. அதன் கீழே, அகன்ற கணினித் திரையில் கைபேசிக்கான ஒற்றை நெடுவரிசை அமைப்பு ஒடுங்கி நிற்கிறது; இடப்பக்கப் பட்டியல் விரிவதே இல்லை. பாலிசி விவர அட்டவணையில் நெடுவரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதால், பிரீமியத் தொகையின் கடைசி இலக்கங்களை அடுத்த நெடுவரிசை மூடிவிடுகிறது. தவணை நாளில் 15 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 மட்டுமே தெரிகிறது. பணம் செலுத்தும் பக்கத்தில் இருக்க வேண்டிய 'செலுத்துக' பொத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால், பக்கத்தின் அடிக்குறிப்புப் பகுதிக்குப் பின்னால் அந்தப் பொத்தான் மறைந்திருப்பது அதைச் சுற்றி வரும் மெல்லிய கோட்டின் ஓரத்தைக் கொண்டு தெரிகிறது. கண்ணால் பார்க்க முடியாத ஒரு பொத்தானை அழுத்தி, முழுமையாகப் படிக்க முடியாத ஒரு தொகையைச் செலுத்த எந்த வாடிக்கையாளரும் துணிய மாட்டார். நானும் துணியவில்லை.

தங்கள் உதவி மையத்தை அழைப்பதற்கு முன்பே, வழக்கமாகச் சொல்லப்படும் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். குக்கீகளையும் தற்காலிகக் கோப்புகளையும் அழித்தேன், உலாவியில் சேர்த்திருந்த கூடுதல் வசதிகளான நீட்சிகளை நிறுத்தினேன், தனிப்பட்ட சாளரத்தில் திறந்தேன், திரை உருப்பெருக்கத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்தேன். எதிலும் மாற்றமில்லை. பின்னர், இணையதளங்களை உருவாக்குபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக உலாவியிலேயே உள்ள டெவலப்பர் கருவிகளைத் திறந்து, உலாவி தன்னை இன்னதென்று தளத்துக்கு அறிவிக்கும் 'யூசர் ஏஜென்ட்' வரியில், பதிப்பு எண்ணை மட்டும் பழையதாக மாற்றிப் பக்கத்தை மறுபடி ஏற்றினேன். மஞ்சள் பட்டை மறைந்தது, அட்டவணை நேரானது, பொத்தான் தன் இடத்துக்கு வந்தது. கணினி அதே கணினி, உலாவி அதே புதிய உலாவி. அது சொல்லிக்கொண்ட எண் மட்டுமே வேறு. எண்ணை மீண்டும் உண்மையான புதிய எண்ணுக்கே மாற்றியவுடன் சிதைவும் திரும்பிவிட்டது. இரு நிலைகளையும் காட்டும் திரைப்பிடிப்புகளை இணைத்திருக்கிறேன். புதிய உலாவிக்குத் தங்கள் பக்கத்தைச் சரியாகக் காட்டும் திறன் இருக்கிறது என்பதும், தங்கள் தளம்தான் பதிப்பு எண்ணைத் தவறாகப் படித்து வேறொரு அமைப்பை அனுப்புகிறது என்பதும் இதிலிருந்து ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது.

இந்த விவரத்தைத் தெரிவித்தபோது தங்கள் உதவி மையம் அளித்த பதில்தான் இக்கடிதத்தை எழுத வைத்தது. உலாவியின் பழைய பதிப்பை நிறுவிக்கொண்டு, தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி வைக்குமாறு எனக்கு அறிவுரை வழங்கப்பட்டது. பேசியவர் பொறுமையாகவும் மரியாதையாகவும் பேசினார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருக்கு அப்படிச் சொல்லும்படி எழுதிக் கொடுத்திருப்பவர்களிடம்தான் என் கேள்வி. உலாவியின் ஒவ்வொரு புதிய பதிப்பும் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான திருத்தங்களைத் தாங்கி வருகிறது. அந்தக் குறைபாடுகளில் சில, திருத்தம் வெளியாகும் வேளையிலேயே தாக்குதல்காரர்களால் பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருப்பவை. என் அடையாள ஆவணங்களையும் வங்கி விவரங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் வைத்திருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனம், தன் தளத்திலுள்ள ஒரு பிழையை மறைப்பதற்காக, என் கணினியின் காவலைத் தளர்த்தச் சொல்வது எவ்வகையில் முறையாகும்? தங்கள் தளத்துக்காகப் பழைய உலாவியை வைத்துக்கொள்ளும் ஒருவர், அதே உலாவியில்தான் தன் வங்கிக் கணக்கையும் திறப்பார்.

பதிப்பு எண்ணை நம்பிப் பக்கம் அமைப்பதால் வரும் கோளாறு புதிதன்று. 2009இல் ஓபரா உலாவி 10ஆம் பதிப்பை எட்டியபோது, எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை 1 என்று எடுத்துக்கொண்டு பழைய உலாவியாக நடத்தியதால், அந்நிறுவனம் தன் அடையாள வரியில் 9.80 என்றே தொடர்ந்து குறிப்பிட வேண்டியதாயிற்று. 2022இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100ஆம் பதிப்பை நெருங்கியபோது இதே சிக்கல் மூன்று இலக்கங்களில் வரக்கூடும் என்று அவற்றை உருவாக்குபவர்கள் முன்கூட்டியே எச்சரித்து, தளங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கான வழியையும் உலாவிக்குள்ளேயே கொடுத்தார்கள். இன்றும் பெரும்பாலான உலாவிகளின் அடையாள வரி 'மொசில்லா/5.0' என்றுதான் தொடங்குகிறது. உலாவியின் பெயரைப் பார்த்து வேற்றுமை காட்டிய தளங்களைச் சமாளிக்க ஒவ்வொரு உலாவியும் முந்தையதன் பெயரைச் சூடிக்கொண்டதன் எச்சம் அது. எனவே அந்த வரியைக் கொண்டு ஒரு முடிவுக்கு வருவது எவ்வளவு நம்பத்தகாதது என்பதைத் தங்கள் தளத்தை வடிவமைப்பவர்கள் அறியாதிருக்க முடியாது. உலாவியின் பெயரையும் எண்ணையும் கேட்காமல், தேவைப்படும் வசதி அதில் இருக்கிறதா என்று நேரடியாகச் சோதித்துக்கொள்ளும் முறை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் அதற்கென்றே தனி விதி இருக்கிறது. கைபேசியா கணினியா என்பதைத் திரையின் அகலத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

எதிர்பாராத மாற்றம் என்றும் இதைச் சொல்ல இயலாது. ஃபயர்ஃபாக்ஸ் 2020இலும் குரோம் 2021இலும் நான்கு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்ற கால அட்டவணைக்கு மாறின. ஒவ்வொரு பதிப்பும் பொதுமக்களுக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே பீட்டா எனப்படும் சோதனை வடிவில் யாரும் இலவசமாக நிறுவிப் பார்க்கும்படி கிடைக்கிறது. அதில் உள்நுழைவு, பாலிசி விவரம், கட்டணம் ஆகிய மூன்று பக்கங்களை மட்டும் யாராவது ஒருவர் திறந்து பார்த்திருந்தாலும் இந்தப் பிழை வாடிக்கையாளரை எட்டியிருக்காது.

டெவலப்பர் கருவிகளைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்ததால் காரணத்தைக் கண்டுகொண்டேன். பெரும்பாலான பாலிசிதாரர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. 'உங்கள் உலாவி பழையது' என்ற வாசகத்தைக் கண்டு, இருக்கும் புதிய உலாவியையே மீண்டும் மீண்டும் புதுப்பிக்க முயன்று, பொத்தானைக் காணாமல், தவணை நாளையும் தவறாகப் படித்துவிட்டுப் பாலிசி காலாவதியாகும் நிலைக்கு அவர்கள் தள்ளப்படலாம். காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்கத் தாமதக் கட்டணமும், சில வேளைகளில் மருத்துவப் பரிசோதனையும் தேவைப்படும் என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுவே.

ஆகவே, உலாவியின் பதிப்பு எண்ணைக் கொண்டு பக்க அமைப்பை மாற்றும் நிரல்பகுதியை உடனடியாக நீக்கவும், அது முடியும் வரை தவறான மஞ்சள் பட்டையையாவது அகற்றிவிட்டு, பிழை இருப்பதையும் பிரீமியம் செலுத்துவதற்கான மாற்று வழியையும் முகப்புப் பக்கத்தில் வெளிப்படையாக அறிவிக்கவும் வேண்டுகிறேன். பழைய பதிப்புக்குத் திரும்புமாறு சொல்லும் அறிவுரையை உதவி மையத்திலிருந்து இன்றே விலக்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே அதைக் கேட்டு நடந்தவர்களுக்கு உலாவியை மீண்டும் புதுப்பித்துக்கொள்ளுமாறு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். இந்தக் கோளாறு நீடிக்கும் காலத்தில் தவணை தவறிய எவரிடமும் தாமதக் கட்டணம் பெறாமலும், அவர்களுடைய பாலிசியைக் காலாவதியானதாகக் கொள்ளாமலும் இருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். என்னுடைய இந்தத் தவணைக்கும் அதே சலுகை பொருந்தும் என்பதை எழுத்துப்பூர்வமாக உறுதிப்படுத்துங்கள்.

பிழை எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும் என்பதைக் குறிப்பிடும் பதிலை எதிர்பார்க்கிறேன். 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்ற தானியங்கி மின்னஞ்சலைப் பதிலாக ஏற்க இயலாது. தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் விரும்பினால், நான் செய்த சோதனையை அவர்கள் முன்னிலையிலேயே மறுபடி செய்து காட்டவும் அணியமாக இருக்கிறேன்.

இணைப்பு: பதிப்பு எண்ணை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த திரைப்பிடிப்புகள், டெவலப்பர் கருவிகளில் தெரிந்த பிழைச் செய்திகளின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
பாலிசிதாரர்