தீபாவளித் துணி விடியற்காலையில் வேண்டும்: கல்லூரி மாணவர் பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

ஆயுத பூஜை முடிந்த கையோடு கல்லூரி வாசல்களில் உண்டியல் பெட்டி வந்துவிடுகிறது. மாணவர் பேரவையோ நாட்டு நலப்பணித் திட்ட அணியோ, ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தீபாவளித் துணியும் இனிப்பும் எடுத்துக் கொடுக்கப் பணம் திரட்டுகிறது. உங்கள் மனதில் குறை சொல்ல எதுவுமில்லை. குறையெல்லாம் நாள்கணக்கில் இருக்கிறது.

தீபாவளித் துணி என்பது விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஓரத்தில் மஞ்சள் வைத்து உடுத்துவது. நீங்களோ பண்டிகையன்று காலை பதினொரு மணிக்குப் பேனரோடு வேனில் வந்து இறங்குகிறீர்கள். அந்நேரம் பிள்ளை குளித்து முடித்து, இருக்கிற சட்டையில் நல்லதைப் போட்டுக்கொண்டு நிற்கும். அதைவிட, பாதிப் பிள்ளைகள் அங்கே இருக்கவே மாட்டார்கள். இல்லங்களில் இருக்கும் பலருக்குத் தாயோ தகப்பனோ பாட்டியோ உண்டு. வறுமை, நோய், குடும்பச் சிக்கல் என்று ஏதோ ஒன்றால் இங்கே தங்கிப் படிக்கிறார்கள். பண்டிகை விடுமுறைக்கு அவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். துணி அந்தப் பையோடு ஊருக்குப் போக வேண்டுமானால், விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய நாளாவது அது பிள்ளை கையில் இருக்க வேண்டும். (சுவரொட்டியில் "அநாதைக் குழந்தைகளுக்கு" என்று அச்சடிக்காதீர்கள். பலருக்கு அது பொய். எல்லோருக்கும் அது வலி.)

ஆகவே தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே எல்லாம் கொடுத்து முடிப்பது என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி வாரத்தில் பெரும்பாலான கடைகள் துணியை மாற்றித் தருவதில்லை. கூட்டத்தில் பில்லைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. எனவே வாங்குவது பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு, அளவெடுப்பது ஐந்து வாரம் முன்பு, இல்லத்தோடு முதல் பேச்சு இரண்டு மாதம் முன்பு. ஆயுத பூஜைக்குப் பிறகு தொடங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய இருபது நாள். அந்த இருபது நாளில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது.

முதல் பேச்சில் கேட்க வேண்டியது பதிவுச் சான்று. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். நகலில் தேதியைப் பாருங்கள். ஐயம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள், சொல்வார்கள். சான்று காட்டத் தயங்கும் இடத்துக்குப் பணமும் வேண்டாம், பொருளும் வேண்டாம். அங்கே பிள்ளைகளின் நிலை சரியில்லை என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். அரசு இல்லமென்றால் கண்காணிப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி தேவை, அதற்கு நாளாகும்.

அடுத்தது பட்டியல். பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். நாற்பது பிள்ளைகள் என்றால் 1 முதல் 40 வரை எண், ஆணா பெண்ணா, வயது, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறதா இங்கேயே இருக்கிறதா, இவ்வளவு போதும். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது இல்லத்தின் நோட்டில் மட்டும் இருக்கட்டும். நன்கொடையாளரைப் பிடிப்பதற்காகப் பிள்ளையின் படத்தையும் பெயரையும் ஆசையையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது இப்போது பரவிவருகிறது. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை எந்த ஊடகத்திலும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிட்டு இல்லத்தின் பெயர்ப்பலகையைப் பின்னால் விட்டால் மறைத்ததாக ஆகாது. படம் வேண்டுமென்றால் அடுக்கிவைத்த பைகளைப் படமெடுங்கள்.

பணத்துக்கு வருவோம். வகுப்புக்கு வகுப்பு "ஆளுக்கு நூறு" என்று பெயர் எழுதி வசூலிப்பதை விட்டுவிடுங்கள். மெஸ் பில் கட்ட வழியில்லாத ஒருவர் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார். மூடிய கவரைச் சுற்றுக்கு விடுங்கள்; காலிக் கவரும் வரும், வரட்டும். பேராசிரியர்களிடமும் பெற்றோரிடமும் மாதத்தின் முதல் வாரத்தில் கேட்டால் கிடைப்பது இருபதாம் தேதி கேட்டால் கிடைக்காது. உணவுக் கடை போட்டால் கையில் புரளும் பணம் பெரிதாகத் தெரியும். எண்ணெய், மாவு, கேஸ் கழித்தால் பாதிகூட மிஞ்சாது. அதைவிடப் பழைய பேப்பர் சேகரிப்பு நல்லது. சரஸ்வதி பூஜைக்கு வீடு ஒழிக்கும் வாரத்தில் மக்கள் தாமாகவே தூக்கிக் கொடுப்பார்கள், முதல் போடத் தேவையில்லை. ஆனால் கடைக்காரரிடம் கிலோ விலையை முன்பே பேசி, அவருடைய தராசோடு இன்னொரு தராசும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் துணி வாங்கும் நாளுக்கு ஒட்டித்தான் கைக்கு வரும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது.

ஒரு மாணவரின் சொந்த சேமிப்புக் கணக்கு க்யூஆர் கோடைப் போஸ்டரில் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. அவருடைய கட்டணப் பணமும் வசூல் பணமும் கலந்துவிடும். முகம் தெரியாதவர் அனுப்பியதில் ஏதாவது மோசடிப் பணம் இருந்தால் வங்கி அந்தக் கணக்கையே முடக்கிவைக்கக்கூடும். தேர்வுக் கட்டணம் கட்டும் நேரத்தில் அவர் தவிப்பார். இரண்டு வழிகள் உண்டு. கல்லூரியின் கணக்கில் தனித் தலைப்பில் வரவு வைத்து, துணிக்கடைக்குக் கல்லூரியே நேராகப் பணம் அனுப்பலாம். அல்லது இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் கணக்கு எண்ணைக் கொடுக்கலாம். அப்போது "தீபாவளி உடை" என்று நோக்கத்தை எழுதி முன்கூட்டியே கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் அது மளிகைக் கணக்கில் கரைந்துவிடும். உண்டியலில் விழும் ரொக்கத்தை அன்றன்றைக்கே இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

வரிச் சலுகை கிடைக்குமா என்று கேட்பார்கள். 80ஜி என்று மக்கள் சொல்லும் அந்தச் சலுகை, ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைக்கு நேராகக் கொடுத்தால்தான் உண்டு. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் இல்லை. துணியாகவோ பொருளாகவோ கொடுத்தாலும் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லி வசூலிக்காதீர்கள். வெளிநாட்டு சீனியர் ஒருவர் அனுப்புகிறேன் என்பார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் சிக்கலில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரென்றால், பிறந்த ஊர் திருநெல்வேலியாகவே இருந்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கென்று பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே தனிக் கணக்கில் அதை வாங்க முடியும். நீங்கள் வாங்கக் கூடாது.

இனி, நாங்கள் அதிகம் பேச விரும்பும் இடம்: அளவு. வயதைச் சொல்லித் துணி எடுக்காதீர்கள். இல்லத்துப் பிள்ளைகளில் பலர் வயதுக்குச் சிறுத்திருப்பார்கள். பத்து வயதுக்கென்று எடுத்த சட்டை தொளதொளவென்று தொங்கும். இஞ்ச் டேப்பும் பாதி வழிதான் கைகொடுக்கும், ஏனென்றால் ஒரு கம்பெனியின் 28 இன்னொரு கம்பெனியின் 30ஆக இருக்கிறது. சரியான வழி, கடையில் முன்பணம் கட்டி, வாங்கப்போகும் அதே ரகத்தில் 20 முதல் 36 வரை சைஸுக்கு ஒன்றாக எடுத்துப் போய்ப் பிள்ளைகளுக்கு உடுத்திப் பார்ப்பது. மொத்த வியாபாரிகள் இதற்குச் சம்மதிப்பார்கள், டேக் கிழியாமல் திருப்பினால் போதும். பொருந்தியதற்கு அடுத்த சைஸைக் குறித்துக்கொள்ளுங்கள், வளரும் பிள்ளைகள். பேன்ட்டுக்கு இடுப்பில் எலாஸ்டிக், கால் மடிப்பில் விட்டுத் தைக்கத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாணவிகள்தான் பார்க்க வேண்டும், இல்லத்தாய் உடனிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சுடிதாரா, பாவாடை தாவணியா, குர்த்தியா என்று கேட்டு எழுதுங்கள். ஜட்டி, சிம்மீஸ், உள்பாடி ஆகியவற்றை இரண்டிரண்டாகச் சேருங்கள். வெளியிலிருந்து யாரும் நினைப்பதில்லை என்பதால் இல்லங்களில் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது இவைதான்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரே துணிச் சுருளில் நாற்பது பேருக்கும் தைத்துவிடாதீர்கள். ஒரே கட்டம் போட்ட சட்டையில் நாற்பது பிள்ளைகள் தெருவில் போனால், இவர்கள் "ஹோம் பிள்ளைகள்" என்று ஊருக்கே தெரியும். சைஸுக்கு நான்கு நிறமாவது எடுங்கள். நிறத்தைப் பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும்.

வாங்க, மேற்கு மாவட்டத்தார் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குத் திங்கள் இரவே போய்விட வேண்டும், செவ்வாயோடு வாரச் சந்தை முடிந்துவிடும். பனியன் ரகங்களுக்குத் திருப்பூர் காதர்பேட்டை. சென்னையில் கோடவுன் தெருவும் சௌகார்பேட்டையும். ஏற்றுமதியில் கழித்த 'செகண்ட்ஸ்' துணி எடுப்பதென்றால் ஒவ்வொன்றாகப் பிரித்து ஜிப், பட்டன் துளை, அக்குள் தையல் மூன்றையும் பாருங்கள். அடர் சிவப்பு, கருநீலத் துணியின் ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பாருங்கள், சாயம் போவது அங்கேயே தெரியும். பில் இல்லத்தின் பெயரில் இருக்கட்டும்; அவர்களுடைய இருப்புப் பதிவேட்டில் ஏற்றித் தணிக்கைக்குக் காட்ட வேண்டும்.

தோராயக் கணக்கு ஒன்று. நாற்பது பிள்ளைகளுக்கு உடை 600, உள்ளாடை 150, செருப்பு 200, பலகாரமும் சிறு பரிசும் 150, ஆக ஆளுக்கு 1,100, மொத்தம் 44,000. நடு சைஸில் உபரி மூன்று உடை 1,800. பட்டியல் எடுத்த பிறகும், பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்க உத்தரவிடும் குழந்தைகள் நலக் குழு புதிதாகப் பிள்ளைகளை அனுப்பிவைக்கும், அவர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. விளையாட்டுப் பொருள் 3,500, தையல் திருத்தம் 700, வண்டியும் பையும் 1,500. எல்லாம் சேர்த்து 51,500. விலை ஊருக்கு ஊர் மாறும். உபரி உடையையும் திருத்தக் கூலியையும் மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

பரிசில் 'எது வேண்டுமானாலும் கேள்' என்பது ஆபத்து. ஒரு பிள்ளை சைக்கிள் கேட்கும், பக்கத்துப் பிள்ளை பென்சில் பெட்டி கேட்கும், இரண்டும் வந்துசேரும் இரவில் அடிதடி நடக்கும். ஒரே விலையில் நான்கைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பேட்டரி பொம்மை வேண்டாம், மலிவு ஷட்டில் மட்டையும் வேண்டாம். மறுநாள் மாலைக்குள் நரம்பு அறுந்துவிடும். கால்பந்து கொடுத்தால் பம்பும் இரண்டு ஊசியும் சேர்த்துக் கொடுங்கள். கேரம் போர்டென்றால் உபரிக் காய் ஒரு செட்.

இனிப்பைப் பொறுத்தவரை, அன்றைக்கு ஊரே கொண்டுவந்து கொட்டும். பால் இனிப்பு இரண்டு மூன்று நாளில் கெட்டு, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். முறுக்கு, மிக்சர், அதிரசம் என்று தாங்கும் பலகாரமாகக் கொடுங்கள். பட்டாசு கொடுப்பதென்றால் இல்லத்திடம் கேட்டு, பசுமைப் பட்டாசு மட்டும். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதிக்கும் நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் இதே நாளில் துணி கொடுங்கள், எப்போது உடுத்துவது என்பது அவர்கள் பாடு.

கொடுக்கும் நாளில் ஐந்து பேர் போதும். மேடை, பேச்சு, வரவேற்பு நடனம் எதுவும் கேட்காதீர்கள்; உங்களுக்கு ஆடிக்காட்ட அந்தப் பிள்ளைகள் மூன்று நாள் படிப்பை விட்டு ஒத்திகை பார்த்திருப்பார்கள். எண் ஒட்டிய கட்டைப்பைகளை இல்லத்தாயிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி, அன்றே எல்லோரையும் ஒருமுறை உடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கமாக இருப்பதை மறுநாளே கடைக்கு எடுத்துப் போங்கள். மஞ்சள் வைத்துவிட்ட துணியை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.

இப்படிக்கு,
இல்லத்துப் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்போர்