நோக்கங்களை எழுதும் முன் வினாத்தாளைப் பாருங்கள்

நம் பல்கலைக்கழகத்தின் கல்வி நோக்கங்களையும் கற்பித்தல் முறைகளையும் மறுஆய்வு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். இணைப்புக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். நோக்கங்களைத் திருத்தி எழுதுவதற்கு முன் நம் தேர்வுகளைத் திருத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளுக்கும் கீழே ‘கற்றல் விளைவுகள்’ இருக்கின்றன. பக்கத்திலேயே, மாணவர் எந்த அளவு சிந்திக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் கே1 முதல் கே6 வரை குறியீடுகள். 1956இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட படிநிலைகளின் வழிவந்தவை அவை. அந்த யோசனையே 1948இல் பாஸ்டனில் கூடிய கல்லூரித் தேர்வாளர்களிடம்தான் பிறந்தது. கேள்வி கேட்பவர்களுக்காகப் பிறந்ததை நாம் பாடத்திட்டப் புத்தகத்தோடு நிறுத்திவிட்டோம். வினாத்தாளிலும் கே4, அதாவது பகுத்தாராயும் படி, என்று அச்சடிக்கிறோம், சரி. கேட்பதென்னவோ போன வருடம் கேட்ட அதே சூத்திர வருவிப்புதான்.

ஆய்வகத்துக்கு வாருங்கள். தனி ஊசல் சோதனையில் முதலாண்டு மாணவிக்கு புவியீர்ப்பு முடுக்கம் 10.8 என்று வருகிறது. “9.8 வரணும்டி, நேரத்தை மாத்தி எழுது” என்கிறாள் பக்கத்தில் நிற்பவள். இவளும் மாற்றி எழுதுகிறாள். ரெக்கார்டில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. 10.8 ஏன் வந்தது? குண்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருக்கிறாள். அவள் 20 என்று எண்ணியது உண்மையில் 19 அலைவுகள். அலைவு நேரத்தில் 5 சதவீதப் பிழை. சூத்திரத்தில் அது இருமடியாக வருவதால் விடையில் 10 சதவீதத்துக்கும் மேல். இதை அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தால் அந்த ஒரு மதியமே ஒரு பருவத்துப் பாடத்துக்குச் சமம். ஆனால் சூத்திரத்துக்கும் அட்டவணைக்கும் விடைக்கும் ரெக்கார்டுக்கும் மதிப்பெண் வைத்த நாம், பிழையைத் தேடுவதற்கு ஒரு மதிப்பெண்கூட வைக்கவில்லை. பிள்ளைகள் நேர்மையற்றவர்கள் இல்லை. நாம் எதற்கு மதிப்பெண் தருகிறோம் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

கற்பித்தல் முறைக்கும் இதே கதிதான். குழு விவாதம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்கலைத் தேர்வின் 75 மதிப்பெண்ணும் மனப்பாடத்துக்குக் கிடைக்கும் வரை, தேர்வு நெருங்கியதும் எந்த ஆசிரியரும் நோட்ஸ்தான் கொடுப்பார். நானும் கொடுப்பேன்.

அதனால் கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களை மேசையில் பரப்பி, கைடு மட்டும் படித்தவர் எத்தனை மதிப்பெண் வாங்க முடியும் என்று முதலில் கூட்டிப் பாருங்கள். அப்புறம், தவறான விடைக்குச் சரியான காரணம் சொல்பவருக்கு முழு மதிப்பெண் என்ற விதியைச் செய்முறைத் தேர்வில் வரும் பருவத்திலிருந்தே கொண்டுவாருங்கள். அதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அன்புடன்,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்