வெளிச்சத்தை உன் கைமேல் அடி

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மா நலம். முட்டி வலி குறையவில்லை என்றாலும் போன வாரம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கு என்னோடு நடந்தே வந்து அப்பம் வாங்கித் தின்றார். நீ போகிற ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். என் மகனின் அட்லஸை விரித்துக் காட்டினேன். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டதிலிருந்து அந்நாட்டின் மேற்கே உள்ள டார்பூர் மக்கள் எல்லை தாண்டி சாட் நாட்டு அட்ரேவுக்கு ஓடிவருகிறார்கள், அவர்களைக் கவனிக்கத்தான் உங்கள் மகள் போகிறாள் என்றேன். அந்த எல்லைக்கோட்டில் வைத்த விரலை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

டார்ச்லைட் பற்றிக் கேட்டிருந்தாய். 3000 லூமன் வெளிச்சம் தரும் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதை வாங்காதே. என் கடைக்கு டார்ச் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அது எவ்வளவு பிரகாசமாக எரியும் என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு மங்கலாக எரியும் என்று நீ கேட்க வேண்டும். இருபது நோயாளிகள் தூங்கும் கூடாரத்தில் அந்த 3000 லூமனை ஏற்றினால் கூடாரத் துணி முழுவதும் விளக்குக் கூண்டு மாதிரி ஒளிரும். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். குழாயில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறதா என்று பார்க்க ஒரு லூமன் போதும். அந்த அளவுக்குத் தணியும் விளக்குகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் முதலில் மங்கலில்தான் எரிய வேண்டும், அதையும் பார்த்து வாங்கு.

நம் பால்மரக் காட்டை நினைத்துப் பார். விடிவதற்கு முன்னால், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்று என் அம்மா ஐந்து மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போவார். பின்னாலேயே நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒருநாள் விளையாட்டாக என் டார்ச்சை அவர் முகத்தில் அடித்துவிட்டேன். உளி நழுவிக் கட்டைவிரலில் பட்டது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், கெடுக்க ஒரு நொடி போதும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு இரவுப் பார்வையைக் கெடுக்காது என்று சொல்வார்கள். இருட்டில் பார்க்க உதவும் கண்ணின் செல்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது என்பதால், மங்கலாக இருக்கும்வரை அது உண்மைதான். ஆனால் நீ நர்ஸ். சிவப்பு வெளிச்சத்தில் தோலின்மேல் வழிகிற இரத்தம் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போய்விடும். சிவப்பு மையில் எழுதிய குறிப்பும் மறைந்துவிடும். தொலைவிலிருந்து நம்மை மறைத்துவிடும் என்றும் நம்பாதே. இருட்டில் பார்க்க இராணுவத்தினர் மாட்டும் இரவுக் கண்ணாடிக்குச் சிவப்பு ஒளி நன்றாகவே தெரியும். உனக்கு வேண்டியது நிறத்தை உள்ளபடி காட்டும் வெள்ளை ஒளி. பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது 90க்கு மேல் இருக்கட்டும். மலிவான நீல வெள்ளை வெளிச்சத்தில் எல்லா முகமும் வெளிறித்தான் தெரியும், பிள்ளையின் கண்ணில் ஏறியிருக்கும் மஞ்சளை உன்னால் கண்டுபிடிக்க முடியாது.

பேட்டரியைப் பொறுத்தவரை டபுள் ஏ போடுகிற விளக்கே நல்லது, எந்தச் சந்துக் கடையிலும் கிடைக்கும். அல்கலைன் பேட்டரியை உள்ளேயே போட்டு வைக்காதே. கசிந்து வெள்ளையாகப் பூத்துப்போன டார்ச்சுகளைப் பழுதுபார்க்க வாரம் தவறாமல் யாராவது கொண்டுவருகிறார்கள். லித்தியம் டபுள் ஏ எடை குறைவு, வருடக்கணக்கில் கெடாது. உதிரிப் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில் வை, பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. முனை விளிம்பில் பற்கள் வைத்த கறுப்பு விளக்குகளும் வேண்டாம், கையில் ஆயுதம் இருப்பதுபோல் தெரியும். மின்னி மின்னி எரியும் வசதி இல்லாததாகவே பார். தெரியாமல் அழுத்திவிட்டால், நீ யாருக்கோ சைகை காட்டுகிறாய் என்று நினைப்பார்கள்.

அடுத்துச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். 1948 ஜூன் 16ஆம் தேதி நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட பிறகு, கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் வந்ததே, அது முடியப் பன்னிரண்டு வருடம் ஆனது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு. 1951இல் என் அம்மா பிறந்த இரவு, தாத்தா மருத்துவச்சியைக் கூட்டிவர அரிக்கேன் விளக்கோடு வெளியே போயிருக்கிறார். வேலியோரம் காவலுக்கு நின்ற பையன் துப்பாக்கியை நீட்டி அதட்டினானாம். தாத்தா விளக்கைத் தரையில் வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, விரித்த இரு கைகளையும் வெளிச்சத்தில் காட்டியிருக்கிறார். "அவன் முகத்தில் வெளிச்சம் விழுந்திருந்தால் பயத்திலேயே சுட்டிருப்பான்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதனைச் சாவடியில் உன் வண்டி நிற்கும்போது அதையே செய். முன்விளக்கைத் தணிக்கச் சொல், வண்டிக்குள் இருக்கும் விளக்கைப் போடச் சொல். டார்ச்சைக் கையில் பிடித்திருக்காதே, கழுத்தில் தொங்கட்டும். எரிய வேண்டுமென்றால் உன் கைமேல் எரியட்டும், காவல்காரன் கண்ணில் வேண்டாம். அவனும் யாரோ பெற்ற பையன், அவனுக்கும் இருட்டு பயம்தான்.

நம் தோட்டம் முழுக்க, எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. லயத்தில் நான்கு வீடுகள்தான் மிச்சம். நீ வரும்போது அதுவும் இருக்குமா தெரியவில்லை.

விளக்கு ஒன்றை இன்றே பொட்டலம் கட்டிவிட்டேன். மூன்று இரவு வீட்டில் எரித்துப் பார்த்ததுதான். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்திருக்கிறேன், பைக்குள் தானாக எரியாது, இறுக்கினால் எரியும். தொங்கவிடும் நாடாவை உன் அம்மா பழைய சேலைக் கரையில் தைத்துக் கொடுத்தார். என் கழுத்தில் மாட்டித்தான் அளவு பார்த்தார். உனக்கு நீளமாக இருந்தால் எழுது, இன்னொன்று தைக்கத் துணி மிச்சம் வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் வகுப்புத் தோழி