சீட்டைப் பிறகு படி

அன்புள்ள பாப்பா,

அப்பாயிக்கு முட்டி வலி தேவலை. ஆடித் திருவிழாக் கூட்டத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போகவே முடியவில்லை. மற்றபடி ஊரில் விசேஷமில்லை.

நைட் ட்யூட்டியில் தனியாக ரிப்போர்ட் போடுகிறாய் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லி வருகிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு மெசேஜுக்குப் பதில் போட முடியாத அளவுக்கா வேலை? சரி, விடு.

எக்ஸ்ரே வந்ததும், நோயாளிக்கு என்ன தொந்தரவு என்று டாக்டர் எழுதி அனுப்பும் சீட்டைப் படிக்காதே. படத்தைப் பார், தெரிந்ததைக் குறி, அப்புறம் சீட்டைப் படித்துவிட்டு மறுபடி படத்துக்கு வா. "இருமல், டி.பி.யா?" என்று எழுதியிருந்தால் மேல் பகுதியில் நாலு புள்ளி தெரிந்ததுமே கை தானாக டி.பி. என்று எழுதிவிடும். நம்ம பக்கத்துக் கல் கிரஷரில் வேலை செய்கிறவர் என்றால் அது கல் தூசிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸாக இருக்கலாம். இரண்டு பக்கமும் மேல் பகுதியில் சின்ன உருண்டைப் புள்ளிகள் வரும். ஹைலத்து (நுரையீரலுக்குள் மூச்சுக்குழாயும் ரத்தக்குழாயும் நுழையும் இடம்) நெறிக்கட்டியின் ஓரத்தில் முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும். அதற்காக டி.பி.யைத் தள்ளிவிடவும் கூடாது. சிலிக்கா தூசு ஏறிய நுரையீரலில் டி.பி. சுலபமாகப் பிடிக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்கும். என்ன தொழில் என்பது பெரும்பாலும் சீட்டில் இருக்காது. வார்டுக்குப் போன் போட்டுக் கேள்.

ஸ்கீமா, அதாவது ஒரு இடத்தில் இன்னதெல்லாம் இருக்கும் என்று மனசு முன்கூட்டியே வைத்திருக்கும் அச்சு, அதைப் பற்றிப் படித்திருப்பாய். 1981-ல் ஒரு ஆய்வில் 30 பேரை ஒரு அலுவலக அறையில் 35 விநாடி இருக்கவைத்து, பிறகு என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். 9 பேர் புத்தகங்கள் இருந்தன என்றார்கள். அங்கே ஒன்றுகூட இல்லை. 2013-ல் நுரையீரல் சி.டி.யில் கொரில்லா படத்தைச் செருகிவிட்டுக் கட்டி தேடச் சொன்னார்கள். சாதாரணக் கட்டியைப் போல 48 மடங்கு பெரிசு அது. 24 ரேடியாலஜிஸ்ட்டில் 20 பேருக்குத் தெரியவில்லை. தவறவிட்டவர்களில் பாதிக்கு மேல் அதன் மேலேயே கண்ணை வைத்திருந்தார்கள். கைதேர்ந்தவர்கள், பாப்பா. உன்னை யார் என்ன சொல்லியிருந்தாலும் இதை நினைத்துக்கொள்.

ஒன்று கிடைத்ததும் தேடுவது நின்றுவிடும், அடுத்தது அங்கேதான் தப்பும். நிமோனியா என்று எழுதின பிறகும் காரை எலும்புக்குப் பின்னால் நுரையீரல் உச்சி, உதரவிதானத்துக்குக் கீழே, விலா எலும்பு ஒவ்வொன்றும் என்று பார்த்துவிட்டு எழு. இதயத்துக்குப் பின்னால் பார்க்காமல் விடவே விடாதே. இடது கீழ் மடல் சுருங்கினால் இதய நிழலுக்குள்ளேயே முக்கோணமாக ஒளிந்துகொள்ளும், அந்த இடம் கொஞ்சம் கூடுதல் வெளுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். பழைய படத்தோடு ஒப்பிடு, பழைய ரிப்போர்ட்டை மட்டும் கடைசியில் படி. சீட்டையும் பிறகுதான், மறுபடி சொல்கிறேன்.

லீவு கேட்டிருக்கிறாய் என்று காதில் விழுந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் என்றால் கிளம்பி வா, ஏற்காட்டில் இப்போது குளிர் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் ஏதாவது யோசனை என்றால், எழுதிக் கொடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்.

அம்மா