முன்பின் அறியாதவர்களோடு ஒரு கடலோரப் பயணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கடலோரச் சாலைப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதுகுப்பையோடு தனியாகக் கிளம்பி, தங்கும் விடுதியில் அறிமுகமான மூவரைச் சேர்த்துக்கொண்டு, ஒரே வாடகைக் காரில் கரையை ஒட்டியே போவதைக் கட்டுரையாளர் ஆசை வரும்படி எழுதியிருந்தார், படங்களும் அருமை. ஆனால் துணை அமைந்த கதையை ‘அதிர்ஷ்டம்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டு, மீதிப் பத்திகளையெல்லாம் கடலுக்கே கொடுத்துவிட்டாரே என்பதுதான் எனக்குக் குறை. கடலைப் பற்றி யாரும் எழுதாவிட்டாலும் போய் நின்றால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். புதிய துணைகளோடு வண்டி ஏறுமுன் எதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது, பட்டவர் சொன்னால் ஒழியத் தெரிவதில்லை. நான் பட்டவன், ஆகவே எழுதுகிறேன்.

எந்தக் கரை, எந்த ஆண்டு என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. நாங்கள் நால்வர்: பல ஆண்டு இரவுப் பணிக்குப் பிறகு நீண்ட விடுப்பில் வந்திருந்த ஒரு செவிலியர், படிப்பை முடித்துவிட்டு வேலையில் சேருமுன் ஊர் சுற்றக் கிளம்பிய ஓர் இளைஞர், பணி ஓய்வு பெற்ற ஒரு நில அளவையாளர், நான். விடுதியின் அறிவிப்புப் பலகையில் அளவையாளர் ஒட்டியிருந்த ‘காரில் மூவருக்கு இடம் உண்டு’ என்ற தாள்தான் எங்களைச் சேர்த்தது. அன்று இரவு பொதுச் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினோம். எந்த முனையில் சூரிய உதயம் பார்ப்பது, எந்த விரிகுடாவில் கூடாரம் அடிப்பது என்பதிலேயே அந்த இரண்டு மணி நேரமும் கரைந்துபோயிற்று. யார் வண்டி ஓட்டுவது, பணத்தை எப்படிப் பங்கிடுவது, ஒருவருக்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் கணக்குப் பார்க்கிற ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் நால்வருக்குமே இருந்ததாம். அது வெகு பின்னால்தான் தெரிந்தது.

முதல் அடி ஓட்டுநர் இருக்கையில் விழுந்தது. வாடகைக் கார் ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்படாதவர் வண்டியைத் தொட்டால், விபத்தின்போது காப்பீடு கைவிட்டுவிடும் என்பதை நிறுவனத்தின் மேசை முன் நின்றபோதுதான் கவனித்தோம். இளைஞரிடம் அவர் நாட்டு உரிமம் இருந்தது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு இல்லை. அந்தச் சீட்டு 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படியோ 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படியோ சொந்த நாட்டில் வழங்கப்படுவது. மூல உரிமத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு. போன இடத்தில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் நடவாது. செவிலியருக்கு ஓட்டத் தெரியாது. அளவையாளருக்கு அந்தி சாய்ந்தால் எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசும். ஆக நால்வர் பகிர்ந்து ஓட்டுவதாக மனத்துக்குள் போட்டுவைத்திருந்த தூரம் ஒன்றேகால் ஆள் தலையில் விழுந்தது, அந்த ஒருவன் நான்.

கடலோரச் சாலை வரைபடத்தில் காட்டும் தூரத்தை நம்பக்கூடாது. ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள், மடிந்த தோழர்களின் நினைவாக, 1919 முதல் 1932 வரை பாறையைக் குடைந்து போட்ட சாலை அது. நீளம் 243 கிலோமீட்டர். நெடுஞ்சாலைக் கணக்கில் மூன்று மணி நேரம் என்று தோன்றும். வளைவும் காட்சி மேடையும் சேர்ந்து ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும், அதுவும் போதாது என்பவர்களே அதிகம். ஸ்காட்லாந்தின் வடகரையில் 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நார்த் கோஸ்ட் 500 வழியில் பல பகுதிகள் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் பார்த்து நின்று வழிவிட வேண்டும். இப்படிப்பட்ட சாலையில் ஒருவரே ஓட்டுவது எவ்வளவு களைப்பு என்பதை அருகில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வருபவர் உணரமாட்டார். தொழிலாகவே லாரி ஓட்டுபவருக்குக்கூட ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரத்துக்கு 45 நிமிட ஓய்வு சட்டப்படி கட்டாயம். நான் ஒரு நாள் ஒன்பது மணி நேரம் ஓட்டினேன், கேட்கக் கூச்சப்பட்டு.

கடலைப் பார்க்கிற இருக்கை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் கடல் இடக்கைப் பக்கம் வரும்படி திசையைத் தேர்ந்தால், காட்சி மேடைகளில் எதிர்ப்போக்கைக் குறுக்கே வெட்டாமல் அப்படியே ஒதுங்கி நிறுத்தலாம்; வலப்பக்கம் ஓட்டும் கலிபோர்னியாவில் பலர் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வருவதும் இதனால்தான். ஆனால் இரண்டு இடத்திலும் கடலுக்கு நெருக்கமான முன்னிருக்கை ஓட்டுநருடையது அல்லவே! அந்த ஒற்றை இருக்கைக்கு எங்களுக்குள் நடந்த மௌனப் போட்டியை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. முறை வைத்து உட்காருவோம் என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் போதும், இரண்டாம் நாள் காலையில் இளைஞர் எல்லாருக்கும் முன்னால் எழுந்து காரின் அருகே போய் நின்றிருக்கமாட்டார்.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. எரிபொருளுக்கும் தங்குமிடத்துக்கும் ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒரு பொதுப்பை வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் போய்விடும். மீதிப் பாதி, கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரைச் சேர்ந்தது. முன்வைப்புத் தொகை அவர் அட்டையில் முடங்கிக் கிடக்கும். கண்ணாடியில் கல் தெறித்த கீறலுக்கும், வேகக் கேமராவில் சிக்கியதற்கும் உரிய அபராதம் எல்லாரும் அவரவர் ஊருக்குத் திரும்பிச் சில வாரங்கள் கழித்து அவர் முகவரிக்கே வந்து சேரும். அதை நால்வரும் பகிர்வதா, ஓட்டியவர் தலையிலா என்பதைப் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

இனி, கடல் வைக்கும் கணக்கு. மூன்றாம் நாள் ஒரு பாறை முனையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கத்து மணல்திட்டுக்கு நடந்தே போனோம். ஈர மணல் கெட்டியாக இருந்தது, நடக்கச் சுகமாக இருந்தது. அளவையாளர் மட்டும், பழைய தொழில் பழக்கமோ என்னவோ, ஒதுங்கிக் கிடந்த ஒரு குச்சியை அலை வந்து தொட்ட கோட்டில் நட்டுவிட்டு அதன்மேலேயே கண் வைத்திருந்தார். இருபது நிமிடத்தில் குச்சியின் அடியைத் தண்ணீர் சூழ்ந்தது. அடுத்து நாங்கள் திரும்பிப் பார்த்தபோது குச்சியின் நுனிதான் ஆடிக்கொண்டிருந்தது. ஓடி வந்து முனையைக் கடக்கையில் எனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர், எல்லாரிலும் குள்ளமான செவிலியருக்கு இடுப்பளவு. பையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் கடந்தார். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. தொடக்கத்தில் மெல்ல ஏறி, நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மொத்த உயரத்தில் ஏறத்தாழப் பாதி ஏறிவிடும். நேற்று பத்து மணிக்குப் பத்திரமாக இருந்த வழி இன்று அதே பத்து மணிக்கு இராது, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது.

ஏற்றவற்ற அட்டவணையை யார் பார்ப்பது என்பது எங்கள் நால்வரில் ஒருவர் பொறுப்பாக இருந்திருந்தால் அந்த ஓட்டம் நேர்ந்திராது. நால்வருக்கும் கைபேசி இருந்தது. மற்றவர் பார்த்திருப்பார் என்று நால்வரும் இருந்தோம். நீச்சலும் அப்படித்தான். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடைவெளியைக் கண்டு இளைஞர் இறங்கப் போனார். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அந்த அமைதியான இடைவெளியில்தான் ஓடும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதற்குப் பதில், மிதந்து மூச்சைக் காத்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறவேண்டும். அவரைச் செவிலியர் ஓர் அதட்டலில் நிறுத்தினார். முந்தாநாள் அறிமுகமானவரை அதட்டும் உரிமையை யாருக்குக் கொடுப்பது என்பதும் முன்கூட்டிப் பேசவேண்டிய விஷயங்களில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

அதே செவிலியர்தான் ஐந்தாம் நாள் எங்களைப் பிரிந்து போனார். அவர் முதல் நாளிலிருந்தே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: ஏதாவது ஓரிடத்தில் இரண்டு இரவு சேர்ந்தாற்போல் தங்கவேண்டும், பகலில் தூங்கிப் பழகிய உடம்பு இரவில் தூங்கக் கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று. நாங்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். நாள்தோறும் விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டினோம். ஐந்தாம் நாள் காலை நான் எழுந்து வந்தபோது அவர் தம் படுக்கைப் பையைத் தலைகீழாகப் பிடித்து, மூலை மூலையாகத் தட்டி மணலை உதறிக்கொண்டிருந்தார். பிறகு அதை அழகாகச் சுருட்டிக் கட்டிவிட்டு, அதுவரையிலான தம் பங்குக் கணக்கை எழுதிய தாளையும் எண்ணி வைத்த பணத்தையும் என் கையில் கொடுத்து, பேருந்து ஒன்பது மணிக்கு என்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் எங்களுக்குச் சமாதானம் சொல்லவாவது வழி இருந்திருக்கும். மீதி வழியெல்லாம் முன்னிருக்கைக்குப் போட்டியே இல்லை.

திட்டமும் நிபந்தனையும் போட்டுக்கொண்டால் இத்தகைய பயணத்தின் சுவையே போய்விடாதா என்று தங்கள் கட்டுரையாளர் கேட்கக்கூடும். வழி எங்கே போகும் என்பதைத் திட்டமிடச் சொல்லவில்லை. அதைத் திட்டமிட்டாலும் கரை விட்டுவைக்காது. 2017 மே மாதம் கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் மலைச்சரிவு சாலையை மூடியதில், அவ்வழி மீண்டும் திறக்க 2018 ஜூலை ஆயிற்று. 1990 ஜனவரியில் ஆஸ்திரேலியக் கரையில் ‘லண்டன் பிரிட்ஜ்’ என்று பெயர் பெற்ற பாறை வளைவின் ஒரு பகுதி இடிந்து விழுந்தபோது, அதன் மறுமுனையில் நடந்துகொண்டிருந்த இருவரை ஹெலிகாப்டர் வந்து மீட்கவேண்டியிருந்தது. இப்படி எதுவும் நேரலாம் என்பதால்தான், நேர்கையில் பக்கத்தில் நிற்பவர் எப்படிப்பட்டவர், எதற்குச் சம்மதிப்பார் என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்கவேண்டும் என்கிறேன். குறிப்பாகத் தனியே கிளம்பும் பெண்கள், உடன் வருபவரின் பெயரையும் வண்டி எண்ணையும் வீட்டாருக்கு அனுப்பிவிட்டு ஏறுவதும், எவரும் எந்த இடத்திலும் காரணம் சொல்லாமல் இறங்கிக்கொள்ளலாம் என்பதை நால்வர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்வதும் சந்தேகத்தால் செய்வதாகாது, மரியாதையால் செய்வது.

ஆகவே தங்கள் இணைப்பில் அடுத்த முறை கடலோரப் பயணத்தைப் பற்றி எழுதுகையில், ஒரு படத்தைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் இவற்றை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்: ஓட்டுநர் அனுமதியும் காப்பீடும் பற்றிய விவரம், ஏற்றவற்ற அட்டவணையைப் படிக்கும் முறை, துணைகள் முதல் இரவில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள். நான்கு அறுபது லிட்டர் முதுகுப்பைகள் ஒரு சிறிய காரின் பின்பெட்டியில் அடங்கமாட்டா என்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. எங்களுடையவற்றில் ஒன்று வழி முழுதும் என் மடியில்தான், ஓட்டாத வேளைகளில், பயணம் செய்தது.

அளவையாளர் இன்றும் எனக்குக் கடிதம் எழுதுகிறார். வேறொரு கரைக்கு மறுபடியும் போகலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தார். கூடவே தம் கைப்பட எழுதிய பதினோரு கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் வைத்திருந்தார். முதல் கேள்வி: ‘காலையில் எத்தனை மணி வரை உங்களிடம் யாரும் பேசாமல் இருப்பது உங்களுக்கு நல்லது?’ எட்டு மணி வரை என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அதே தாளின் படி ஒன்றைச் செவிலியருக்கும் அனுப்பியிருப்பதாக அடியில் ஒரு வரி இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்